ஆள் மாறினாலும் விலாசம் மாறலாகாது

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்த குடும்பங்களுக்குக் கடிதம் என்பது வெறும் காகிதமன்று. ஊரிலிருந்து வரும் கடிதம் உறவைக் காக்கிறது. அரசாங்க அலுவலகத்திலிருந்து வரும் கடிதம் உரிமையைக் காக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கடிதம் பிள்ளையின் எதிர்காலத்தைக் காக்கிறது. கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் வாழும் நம்மவர்க்கும், மூணாற்றிலும் வண்டிப்பெரியாற்றிலும் தேயிலைத் தோட்ட லயங்களில் வாழும் நம்மவர்க்கும் இது பொது. அக்கடிதங்களுள் பல இன்று தபால்காரர் கையில் வருவதில்லை, மின்னஞ்சலாக வருகின்றன. வரும் வழி மாறிவிட்டது என்பதற்காக, வந்து சேரவேண்டிய இடத்தைப் பற்றிய கவலையை நாம் விட்டுவிடலாமா? நம் சங்கத்துக்குச் சொந்தமாக மின்னஞ்சல் விலாசங்கள் அமைக்கும் பொறுப்பு அண்மையில் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்பணியில் நான் கற்றுக்கொண்டவற்றை நம் குடும்பங்கள் யாவும் அறிந்திருப்பது நலம் என்று கருதி இதனை எழுதுகிறேன்.

நான் பாலக்காட்டில் ரயில்வே குமாஸ்தாவாக வேலை பார்ப்பவன். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. கம்ப்யூட்டர் சாஸ்திரம் எதையும் கல்லூரியில் பயின்றவனல்லன். ஆயினும் கடிதப் போக்குவரத்து என்றால் என்ன என்பதை என் உத்தியோகம் எனக்கு நாள்தோறும் கற்பித்து வருகிறது. ரயில் நிலையத்துக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் 'ஸ்டேஷன் மாஸ்டர்' என்று பதவியைக் குறித்து, அதன் கீழ் ஊர்ப்பெயரை எழுதுவார்கள். அங்கே அன்றைக்கு வேலை பார்ப்பவர் யார், அவர் பெயர் என்ன என்பது எழுதுகிறவருக்குத் தெரியவேண்டியதில்லை. அவர் மாற்றலாகிப் போனாலும், விடுப்பில் இருந்தாலும், ஓய்வு பெற்றாலும் கடிதம் அந்த மேஜைக்கு வந்தே தீரும். அடுத்தவர் உறையைப் பிரித்துப் பார்ப்பார், பதிவேட்டில் ஏற்றுவார், பதில் எழுதுவார். மனிதர்கள் வருவார்கள், போவார்கள், பதவி நிற்கும். இந்தச் சிறிய ஏற்பாடு இல்லாவிட்டால் எந்தப் பெரிய ஸ்தாபனமும் ஒரு மாதங்கூட நடவாது.

நம் சங்கத்தில் இந்த ஏற்பாடு இல்லாமலிருந்தது. நம் முன்னாள் காரியதரிசி பல ஆண்டுகள் தம் சொந்த மின்னஞ்சல் பெட்டியிலேயே சங்கத்தின் கடிதங்களையெல்லாம் பெற்று, இரவு கண்விழித்துப் பதில் எழுதி வந்தார். பணம் எதுவும் பெறாமல் அவர் செய்த தொண்டு பெரிது. அவர் நோயுற்று மருத்துவமனையில் சேர்ந்து, சில வாரங்களில் காலமானார். துக்கம் விசாரிக்கச் சென்றபோது சங்கக் கடிதங்களைப் பற்றிக் கேட்பது முறையன்று என்று நாங்கள் வாய்திறக்கவில்லை. பின்னர்க் கேட்டபோது, கடவுச்சொல் அவர் மனைவிக்கும் தெரியவில்லை, மகனுக்கும் தெரியவில்லை. தனி மனிதருடைய பெட்டியைப் பிறருக்குத் திறந்து கொடுக்க அந்தப் பெட்டியை நடத்தும் நிறுவனம் இணங்கவில்லை. அதில் குறைகூற இடமில்லை. என் வீட்டு அலமாரியின் சாவியை ஊர்ச் சங்கம் கேட்டால் பூட்டுக் கம்பெனி கொடுத்துவிடுமா?

அந்தப் பூட்டிய பெட்டிக்குள் என்ன இருந்தது என்பது மெல்ல மெல்லத் தெரியவந்தது. வண்டிப்பெரியாற்றுப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை பார்க்கும் அங்கத்தினர் ஒருவர் தொலைபேசியில் என்னை அழைத்தார். அவர் மகள் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகைக்குச் சங்கத்தின் சிபாரிசோடு விண்ணப்பம் போட்டிருந்தார்கள்.

"தம்பி, நாங்க கேட்ட கடுதாசியெல்லாம் அனுப்பிச்சாச்சு. பதில்தான் வரலை. இப்போ அவங்களைக் கேட்டா, உங்க சங்கத்துக்கு ரெண்டு தடவை எழுதினோம், மதிப்பெண் பட்டியலை அத்தாட்சி பண்ணி அனுப்பச் சொன்னோம், நாள் முடிஞ்சு போச்சுன்னு சொல்றாங்களே" என்றார்.

"அண்ணாச்சி, அந்தக் கடிதம் எங்கள் கைக்கு வரவில்லை" என்றேன்.

"வரலைன்னா எங்கேதான் போச்சு, தம்பி?" என்று அவர் கேட்டார். அக்கேள்வியில் கோபமில்லை, அதனாலேயே அது என் மனத்தை அதிகம் வருத்தியது.

கடிதம் எங்கும் போகவில்லை. அது சரியான விலாசத்துக்கே வந்து, இறந்துபோன ஒருவருடைய பெட்டியில் படிக்கப்படாமல் கிடந்தது. எழுதியவர்மீது பிழையில்லை, காலமானவர்மீதும் பிழையில்லை. பிழை ஏற்பாட்டில் இருந்தது. அவ்வாண்டு அந்தப் பெண்ணுக்கு உதவித்தொகை கிடைக்கவில்லை. தகப்பனார் கடன் வாங்கிக் கல்லூரிக் கட்டணம் செலுத்தினார். இந்தச் சம்பவத்தைக் கேட்ட பிறகே நிர்வாகக் குழு ஒரு முடிவுக்கு வந்தது. சங்கத்தின் கடிதங்கள் இனி எந்தத் தனி மனிதர் பெயரிலும் வரலாகாது. பதவிகளின் பெயரில், சங்கத்துக்கே சொந்தமான விலாசத்தில் வரவேண்டும் என்பதே அம்முடிவு.

மின்னஞ்சல் விலாசத்துக்கு இரண்டு பாகங்கள் உண்டு. நடுவே நிற்கும் சுழிக்குறியை 'அட்' என்பார்கள். அதற்கு முன்னால் இருப்பது ஆள் அல்லது பதவி. பின்னால் இருப்பது ஊர். 1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து மற்றொரு கம்ப்யூட்டருக்குக் கடிதம் அனுப்பும் முறையை அமைத்தபோது இக்குறியைத் தேர்ந்தெடுத்தார். ஆளையும் இடத்தையும் பிரித்துக் காட்ட ஒரு குறி வேண்டியிருந்தது, அவ்வளவே. நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் தேதி விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அதன் பிறகு இலவசப் பெட்டிகள் பெருகின. அவை தனி மனிதருக்கு மிகவும் உபயோகமானவை. ஆனால் அங்கே அட் குறிக்குப் பின்னால் உள்ள ஊர் நம்முடையதன்று. வேறொருவருடைய ஊரில் நாம் வாடகையின்றிக் குடியிருக்கிறோம். நம் ஊரை நாமே வைத்துக்கொள்ள வேண்டுமானால் டொமைன் என்று வழங்கும் தளப்பெயர் ஒன்றைச் சங்கத்தின் பெயரில் பதிவு செய்ய வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தளப்பெயரை ஒரே தடவை விலை கொடுத்து வாங்கிவிட்டால் என்றென்றும் நமக்கே சொந்தம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது அப்படியன்று. அது குத்தகை நிலம் போன்றது. ஓராண்டுக்கோ பல ஆண்டுகளுக்கோ பணம் கட்டிப் பெறலாம்; தவணை முடியுமுன் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க மறந்தால் சில காலம் அவகாசம் தருவார்கள். அதுவும் கடந்தால் அப்பெயர் பொதுவுக்கு வந்துவிடும். வேறொருவர் அதைப் பதிவு செய்துகொள்ளலாம். அப்படி நேர்ந்தால், நம் சங்கத்துக்கு என்று எழுதப்படும் கடிதங்களையெல்லாம் அந்த முகமறியா மனிதர் தம் பெட்டியில் பெற்றுக்கொள்ள இயலும். சாதிச் சான்றிதழ் நகலும், வங்கிக் கணக்கு விவரமும் அவர் கையில் விழும். ஆகவே தளப்பெயரைக் காரியதரிசியின் சொந்தப் பெயரிலன்றிச் சங்கத்தின் பெயரில் பதிவு செய்தோம். புதுப்பிக்கும் தேதியைச் சங்கத்தின் நாட்குறிப்பிலும், பொருளாளரின் வீட்டுக் காலண்டரிலும் சிவப்பு மையில் எழுதிவைத்தோம்.

ஊர்ப்பெயர் கிடைத்ததும் வீடு வேண்டும். இணையத்தில் இடம் வாடகைக்குக் கொடுக்கும் நிறுவனங்கள் பல உள்ளன. அவை நமக்கு ஒரு பகுதியைக் கொடுத்து, அதை நாமே நிர்வாகம் செய்ய ஒரு கட்டுப்பாட்டுப் பலகையையும் கொடுக்கின்றன. அவற்றுள் மிகுந்த வழக்கில் உள்ளது சிபேனல் என்பது. 1996-ஆம் ஆண்டில் தோன்றிய இது இன்றைக்கும் உலகெங்கும் வழங்குகிறது. ரயில் நிலையத்துச் சிக்னல் அறையில் லீவர்கள் வரிசையாக நிற்குமே, அப்படி இந்தப் பலகையில் சிறுசிறு படங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கு உரியது. தளப்பெயரை ஓரிடத்திலும் இடத்தை வேறோரிடத்திலும் வாங்கியிருந்தால், இன்ன வீட்டில்தான் நாங்கள் குடியிருக்கிறோம் என்று தளப்பெயர்ப் பதிவில் முதலில் குறிப்பிட வேண்டும். அதைச் செய்யாமல் பெட்டி திறந்தால், கட்டி முடித்த வீட்டுக்குப் பாதை போடாத கதையாக முடியும்.

பலகையில் 'இமெயில் அக்கவுண்ட்ஸ்' என்ற படத்தைத் தொட்டு, 'கிரியேட்' என்பதை அழுத்தினால் ஒரு படிவம் வரும். அதில் முக்கியமாக நிரப்பவேண்டியவை மூன்று. முதலாவது அட் குறிக்கு முன்னால் வரவேண்டிய பெயர். இரண்டாவது கடவுச்சொல். மூன்றாவது அந்தப் பெட்டிக்கு ஒதுக்கவேண்டிய இடத்தின் அளவு. மூன்றையும் நிரப்பிப் பொத்தானை அழுத்தினால் பெட்டி அந்த நிமிஷமே தயார். இவ்வளவு எளிய காரியத்துக்காகவா ஒரு பிள்ளையின் உதவித்தொகை பறிபோயிற்று என்று எனக்குத் தோன்றியது.

பெயர் வைப்பதில்தான் யோசனை வேண்டும். தலைவர், காரியதரிசி, பொருளாளர், கல்வி உதவி, பத்திரிகை என்று ஐந்து பெட்டிகள் அமைத்தோம். ஒருவருடைய இயற்பெயரும் எங்கும் இல்லை. இப்பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாகாதா என்று குழுவில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான ஆசை. தமிழ் முதலிய மொழிகளின் எழுத்திலேயே மின்னஞ்சல் விலாசம் அமைப்பதற்கான சர்வதேச விதிகள் 2012-ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டுவிட்டன. ஆனால் எல்லா நிறுவனங்களும் அவற்றை இன்னும் ஏற்று நடைமுறைப்படுத்தவில்லை. பாதிப் பேருக்குப் போய்ச் சேராத விலாசத்தால் பயனில்லை என்பதால் ஆங்கில எழுத்திலேயே சுருக்கமான பெயர்களை வைத்தோம். விலாசம் ஆங்கில எழுத்தில் இருந்தாலும் உள்ளே எழுதுவது தமிழாகவே இருக்கலாம். முன்பு இதுவும் எளிதாக இல்லை. அனுப்புகிறவரிடமும் பெறுகிறவரிடமும் ஒரே வகை எழுத்துரு இருந்தாலொழியத் தமிழ்க் கடிதம் புரியாத குறிகளாகத் தெரியும். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய மென்பொருளுக்கு 'முரசு அஞ்சல்' என்றே பெயர் அமைந்தது. 1999-ஆம் ஆண்டு சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறிமுறைக்கும் பொது ஒழுங்கு காண முயன்றது. இத்தகைய அறிஞர்களின் உழைப்பினாலும், பின்னர் யூனிகோடு பரவியதாலும் அந்தத் தொல்லை இன்று பெரும்பாலும் நீங்கிவிட்டது.

கடவுச்சொல் விஷயத்தில் நம்மவர்கள் மிகவும் தாராளம். பிள்ளையின் பெயரும் பிறந்த வருஷமும் சேர்ந்தால் கடவுச்சொல் ஆகிவிட்டது என்று எண்ணுகிறார்கள். அந்தப் பிள்ளையின் பிறந்தநாளை ஊரே அறியும்! பலகையிலேயே நல்ல கடவுச்சொல்லை உண்டாக்கித் தரும் வசதி இருக்கிறது. அதைக் கொண்டு ஒவ்வொரு பெட்டிக்கும் வெவ்வேறு கடவுச்சொல் அமைத்தோம். பலகைக்கே உரிய தலைமைக் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து, தலைவரிடம் ஒன்றும் பொருளாளரிடம் ஒன்றுமாக ஒப்படைத்தோம். ஒருவருக்கு ஏதேனும் நேர்ந்தால் மற்றவர் திறக்கலாம். பழைய முறைதான், ஆனால் நம்பத்தக்க முறை.

பெட்டியைத் திறந்து பார்க்க இரு வழிகள் உண்டு. சங்கத்தின் தளப்பெயருக்கு முன்னால் 'வெப்மெயில்' என்னும் சொல்லைச் சேர்த்து எந்தக் கம்ப்யூட்டரிலும் திறந்து படிக்கலாம். அல்லது கைபேசியில் உள்ள அஞ்சல் செயலியில் இணைத்துக்கொள்ளலாம். அப்படி இணைக்கும்போது பாப், ஐமேப் என்ற இரண்டு முறைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி கேட்கும். பாப் முறையில் கடிதம் நம் கைபேசிக்கு இறங்கிவிடும். தனியே சொல்லிவைத்தாலன்றித் தலைமை இடத்தில் பிரதி தங்காமல் போகலாம். ஐமேப் முறையில் கடிதம் தலைமை இடத்திலேயே இருக்கும்; நாம் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே பெட்டியைப் பார்க்கிறோம். சங்கத்துக்கு உகந்தது ஐமேப் முறையே. காரியதரிசியின் கைபேசி ஆற்றில் விழுந்தாலும் சங்கத்தின் கடிதங்கள் விழமாட்டா.

அடுத்து 'பார்வர்டர்ஸ்' என்னும் வசதி. ஒரு பெட்டிக்கு வரும் கடிதத்தின் பிரதியை வேறு விலாசத்துக்கும் தானாகவே அனுப்பும் ஏற்பாடு இது. கல்வி உதவிப் பெட்டிக்கு வருவதெல்லாம் காரியதரிசியின் பெட்டிக்கும் பொருளாளரின் பெட்டிக்கும் போகும்படி செய்திருக்கிறோம். ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தாலும் மற்ற இருவர் கண்ணில் படும். ஆனால் சங்கப் பெட்டியிலிருந்து ஒருவருடைய சொந்தப் பெட்டிக்குத் திருப்பிவிட்டு, சங்கப் பெட்டியைத் திறந்தே பாராமல் இருக்கும் வழக்கம் வரலாகாது. அப்படிச் செய்தால் பழைய நோய் புதிய உடை தரித்து வந்தது போலாகும். மேலும் அவ்வாறு திருப்பி அனுப்பப்படும் கடிதங்களைப் பெறும் நிறுவனம் சில வேளை ஐயுற்றுக் குப்பைப் பெட்டியில் தள்ளிவிடுவதும் உண்டு.

விலாசத்தில் ஓர் எழுத்துத் தவறிப்போனால் என்ன செய்வது? 'டிஃபால்ட் அட்ரஸ்' என்ற படத்தில் இதற்கு வழி இருக்கிறது. பெயர் பொருந்தாத கடிதங்களையெல்லாம் ஒரே பெட்டியில் சேர்க்கலாம். அல்லது அனுப்பியவருக்கே திருப்பிவிடலாம். எல்லாவற்றையும் சேர்ப்பது நல்லதாகத் தோன்றும். ஆனால் விளம்பரக் குப்பைகளும் மோசடிக் கடிதங்களும் அவ்வழியே மலைபோலக் குவியும். திருப்பிவிட்டால், விலாசம் தவறு என்று அனுப்பியவர் உடனே அறிந்து திருத்தி எழுதுவார். தபால் இலாகாவும் விலாசதாரர் இல்லாத கடிதத்தை அனுப்பியவருக்குத் திருப்புகிறதல்லவா? அந்த முறையையே நாமும் மேற்கொண்டோம்.

கடிதம் பெறுவது பாதி. நாம் எழுதுவதைப் பிறர் நம்பி ஏற்பது மறுபாதி. எவர் வேண்டுமானாலும் உறையின்மேல் எவர் பெயரை வேண்டுமானாலும் அனுப்புநராக எழுதிவிடலாம். மின்னஞ்சலிலும் அந்தத் தொல்லை ஆதிமுதல் இருந்தது. அதைத் தடுக்க மூன்று காவல்கள் ஏற்பட்டுள்ளன. எஸ்.பி.எஃப். என்பது எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப இன்ன இயந்திரங்களுக்கே அதிகாரம் உண்டு என்று ஊரறிய எழுதிவைக்கும் அறிக்கை. டி.கே.ஐ.எம். என்பது ஒவ்வொரு கடிதத்திலும் பொறிக்கப்படும் முத்திரை. டிமார்க் என்பது இவ்விரண்டும் பொருந்தாத கடிதத்தை என்ன செய்யவேண்டும் என்று பெறுகிறவருக்கு நாம் கூறிவைக்கும் உத்தரவு. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஜிமெயில் தன்னிடம் வரும் கடிதங்களுக்கு முதல் இரண்டில் ஒன்றாவது இருக்கவேண்டும் என்றும், நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் வேண்டும் என்றும் விதித்தது. நம் சங்கம் அவ்வளவு அனுப்புவதில்லை. ஆயினும் மூன்றையும் அமைத்துவிட்டோம். பலகையில் 'இமெயில் டெலிவரபிலிட்டி' என்ற பகுதியில் முதல் இரண்டும் சரியாக உள்ளனவா என்று பார்க்கலாம். குறையிருந்தால் அங்கேயே திருத்தவும் பெரும்பாலும் வழியுண்டு.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இடம் கொடுக்கும் நிறுவனங்கள் ஒரு மணி நேரத்தில் இத்தனை கடிதங்கள்தாம் அனுப்பலாம் என்று எல்லை வகுப்பது வழக்கம். மாத இதழை எல்லா அங்கத்தினருக்கும் ஒரே மூச்சில் அனுப்பினால் பாதி வழியில் நின்றுவிடக்கூடும். ஆகவே சிறு சிறு பிரிவுகளாக அனுப்புகிறோம். ஒருவர் விலாசம் மற்றவருக்குத் தெரியாதபடி மறைத்தே அனுப்புகிறோம். நம் குடும்பங்களின் விலாசங்கள் நம்மை நம்பிக் கொடுக்கப்பட்டவை. அவற்றை ஊர்வலம் விடலாகாது.

அனுப்பிய கடிதம் சேரவில்லை என்று யாரேனும் சொன்னால் 'டிராக் டெலிவரி' என்ற பகுதியில் தேடிப் பார்க்கலாம். இன்ன நேரத்தில் புறப்பட்டது, ஏற்கப்பட்டது அல்லது இன்ன காரணத்தால் மறுக்கப்பட்டது என்று அது காட்டும். ஆர்.எம்.எஸ். என்னும் ரயில் தபால் பிரிவினர் ஓடும் வண்டியிலேயே கடிதங்களைப் பிரித்து, உறையின்மேல் தேதி முத்திரை குத்திய காலத்தை எங்கள் அலுவலகத்து மூத்தவர்கள் இன்றும் பேசுவார்கள். அந்த முத்திரைகளைப் பார்த்தாலே கடிதம் எந்த வழியாக வந்தது என்று சொல்லிவிடுவார்களாம். மின்னஞ்சலின் தலைப்பகுதியிலும் அது கடந்துவந்த ஒவ்வோர் இயந்திரமும் நேரத்தோடு தன் முத்திரையைக் குத்தியிருக்கிறது. சாதாரணமாக அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வேண்டும்போது திறந்து பார்க்கலாம். "எங்கேதான் போச்சு?" என்று ஒரு தகப்பனார் இனிக் கேட்டால், அதற்குச் சங்கம் சொல்ல ஒரு பதில் இருக்கும்.

இனி, பொறுப்பு மாறும் நாளைப் பற்றிச் சொல்லவேண்டும். ரயில்வேயில் மாற்றலாகிப் போகிறவர் சார்ஜ் ஒப்படைக்காமல் போக முடியாது. சாவி எத்தனை, ரசீதுப் புத்தகம் எத்தனை, நிலுவைக் கடிதங்கள் எவை என்று எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பிறகே அவர் விடுவிக்கப்படுவார். சங்கத்திலும் தேர்தல் முடிந்ததும் அப்படியே செய்ய வேண்டும். புதியவர் வந்ததும் பெட்டியின் கடவுச்சொல்லை மாற்றினால் போதும்; பெட்டியை அழிக்கலாகாது. அழித்தால் அதிலுள்ள கடிதங்கள் எல்லாம் அதனோடு போய்விடும். இடைக்காலத்தில் ஒருவரும் பொறுப்பில் இல்லையென்றால், பலகையில் அந்தப் பெட்டிக்குள் நுழைவதை மட்டும் நிறுத்திவைக்கலாம். கடிதங்கள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். புதியவர் வந்து திறந்துகொள்வார். மாதம் ஒருமுறை எல்லாப் பெட்டிகளின் பிரதியையும் இறக்கி, தனி வட்டில் வைத்துப் பூட்டுகிறோம். 1924-ஆம் ஆண்டு வெள்ளத்தில் மூணாற்றுக் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு ரயில்பாதையே அடித்துச் செல்லப்பட்டது. இடுக்கி மாவட்டத்தில் இன்றும் ரயில் இல்லை. இரும்பே நிலையாத உலகில் இயந்திரத்துக்குள் இருக்கும் எழுத்து மட்டும் தானாக நிலைத்துவிடும் என்று நம்பியிருப்பது எப்படிப் பொருந்தும்?

இத்தனை சிரமம் ஒரு சிறிய சங்கத்துக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கேரள அரசின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுத் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம் என்றும், பதிலும் தமிழிலேயே தரப்பட வேண்டும் என்றும் விதி செய்தது. சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் அவ்விதி பொருந்திற்று. இத்தகைய உரிமை ஏட்டில் எழுதியிருப்பதால் மட்டும் உயிரோடிருப்பதில்லை. நாம் எழுதவேண்டும், எழுதிய பிரதி நம்மிடம் இருக்கவேண்டும், வந்த பதிலும் வராத பதிலும் இன்ன தேதி என்று சொல்ல நம்மால் இயலவேண்டும். சித்தூர்ப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும் என்று இந்த வருஷம் நாம் எழுதினால், அடுத்த வருஷம் வேறொரு காரியதரிசி அக்கடிதத்தைக் காட்டி மீண்டும் கேட்கவேண்டும். ஒவ்வொரு காரியதரிசியும் முதல் கடிதத்திலிருந்தே தொடங்குகிற சங்கத்துக்கு ஞாபகசக்தி இல்லை. ஞாபகசக்தி இல்லாதவனை ஏமாற்றுவது எளிது.

குடும்பங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பிள்ளைகளின் விண்ணப்பங்களுக்குப் பக்கத்துக் கடைக்காரருடைய மின்னஞ்சல் விலாசத்தையும், படிவம் நிரப்பிக் கொடுத்தவருடைய விலாசத்தையும் எழுதிவிட்டு வருகிற வழக்கம் நம்மிடையே அதிகம். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டால் நம் பிள்ளையின் கடிதம் யாரைத் தேடிப் போகும்? வீட்டுக்கு ஒரு பெட்டி, அதன் கடவுச்சொல் வீட்டில் இருவருக்கு — இவ்வளவு போதும். அமைக்கத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க அலுவலகத்துக்கு வந்தால் நானும் என் நண்பர்களும் உடனிருந்து அமைத்துக் கொடுக்கிறோம். தோட்டங்களிலுள்ள அன்பர்கள் பாலக்காடுவரை வரவேண்டியதில்லை; மலைப்பகுதிக் கூட்டம் நடக்கும் நாளில் நாங்களே அங்கு வருகிறோம்.

வண்டிப்பெரியாற்று அண்ணாச்சியின் மகள் இந்த ஆண்டு மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறாள். அறக்கட்டளையின் கடிதம் கல்வி உதவிப் பெட்டிக்கு வந்தது. அன்று மாலையே மூவர் பார்த்தோம். மறுநாள் அத்தாட்சி செய்த பட்டியல் போயிற்று. முடிவு இன்னும் தெரியவில்லை. தொகை கிடைப்பதும் கிடைக்காததும் அவர்கள் கையில் இருக்கிறது. கடிதம் கைக்கு வரவில்லை என்ற காரணத்தால் மட்டும் நம் பிள்ளை ஒருத்தி இனி இழக்கமாட்டாள் என்பது நம் கையில் இருக்கிறது.

அடுத்த பொதுக்குழுவில் புதிய காரியதரிசி தேர்ந்தெடுக்கப்படுவார். அவர் யாராயினும், சங்கத்தின் பதிவேடுகளோடு அரக்கு முத்திரையிட்ட உறையையும் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளும்படி அங்கத்தினர் யாவரும் வலியுறுத்த வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.